எந்தக் கிழமை?

இணையத்தில் சில கணிப்பான்கள் இருக்கின்றன. இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். கனடாவின் வடக்கே இருக்கும் இக்கலூயிட், கிறீன்லாந்தின் தலைநகர் நூக் என்று கொடுத்துப் பாருங்கள். 822 கிலோமீட்டர், 1 மணி 31 நிமிடம் என்று வரும். முதல் எண்ணில் பிழை இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்து நானே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதே 822 வந்தது. இரண்டாவது எண்தான் ஏழு வருடமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2018 ஜனவரியில் அதை ஒரு முதிய பெண்மணியிடம், நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னேன். அவர் திருப்பி இரண்டே சொல்லில் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அப்போது நான் இக்கலூயிட்டில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். ரொறன்ரோவிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவள். கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டின் தலைநகர் என்றாலும் அங்கே ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஊரைவிட்டு வெளியூருக்குப் போகும் தெரு கிடையாது. ‘எங்கும் போகாத தெரு’ என்றே ஒரு தெருவுக்குப் பெயர். மேட்டுநிலத்தில் கொஞ்சத் தூரம் ஓடிக் கற்களுக்கு நடுவே நின்றுவிடும். நுனாவுட்டின் 25 ஊர்களில் எதிலிருந்தும் இன்னொன்றுக்குக் காரில் போக முடியாது. கடல் உருகியிருக்கும் சில மாதங்களில் கப்பல் வரும். மற்ற நாட்களில் வானம்தான் வழி.

நான் சொல்லும் பெண்மணி மருத்துவர்களுக்கும் முதியவர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பவர். அறுபதைத் தாண்டியவர். பின்னேரம் மூன்று மணிக்குத் தேநீர்க் குடுவையோடு எங்கள் ஜன்னலுக்கு வருவார். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, ‘பனிக்’ என்பார். இனுக்டிடுட் மொழியில் அதற்கு மகள் என்று அர்த்தம். அந்தக் குளிரில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் முதலில் விழுவது பனி, அடுத்துத்தான் மகள். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. அன்று அவர் குடுவையோடு மடித்த காகிதம் ஒன்றும் கொண்டுவந்தார். அதில் கிறீன்லாந்துத் தொலைபேசி எண் ஒன்று இருந்தது. “நூக்கில் ஒரு சிநேகிதி இருக்கிறாள். நோயில் படுத்துவிட்டாள். நான் போக வேண்டும். உன் கணினியில் பார்த்துச் சொல்லு” என்றார்.

பார்த்தேன். முதலில் வந்தது அந்தக் கணிப்பான்தான். வரைபடத்தில் பஃபின் தீவிலிருந்து டேவிஸ் நீரிணையைத் தாண்டிக் கிறீன்லாந்தின் மேற்குக் கரைக்கு மெல்லிய வளைகோடு ஒன்று. எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஒட்டாவாவுக்கே மூன்று மணி நேரம் பறக்க வேண்டும், இது அதில் பாதி! “ஒன்றரை மணி நேரம்தான்” என்றேன்.

“தெரியும், நான் போயிருக்கிறேன்” என்றார். பிறகு கேட்டார்: “எந்தக் கிழமை?”

திரையை மேலும் கீழும் நகர்த்தினேன். கிலோமீட்டர் இருந்தது, மைல் இருந்தது, கடல் மைலும் இருந்தது. கிழமை எங்கும் இல்லை. வேறு பக்கங்களைத் திறந்தேன். பயணச்சீட்டு விற்கும் தளங்களில் இரண்டு ஊர்களையும் கொடுத்தேன். சுற்றிச் சுற்றித் தெற்கைக் காட்டினவே தவிர, நேராக ஒன்றும் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. குடுவையின் மூடியில் தேநீரை ஊற்றி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பதில் வரும் என்ற நம்பிக்கையோடு நின்றார். அந்த நிற்கை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நாட்காட்டியில் இருக்கும் தூரம்

இக்கலூயிட்டுக்குப் போய் ஆறு மாதத்துக்குள் அந்தக் கேள்வி எனக்கே பழகியிருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் என் வேலையே அதில்தான் தொங்கியது. சிறிய ஊர்களின் சுகாதார நிலையங்களிலிருந்து இரத்தக் குழாய்கள் சின்ன விமானங்களில் வரும். பெட்டியைத் திறந்ததும் நான் பார்ப்பது எந்த ஊர் என்பதை அல்ல, எடுத்த தேதியையும் நேரத்தையும்தான். இரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். இல்லாத ஒரு நோயை அறிக்கை காட்டும். பனிப்புயலில் விமானம் இரண்டு நாள் நின்றுவிட்டால் குழாயை எறிந்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொல்லி அந்த ஊர்த் தாதிக்கு அழைக்க வேண்டும். அப்போது அவரும் நானும் கதைப்பது கிலோமீட்டரைப் பற்றி அல்ல. “அடுத்த விமானம் செவ்வாய்தானே?” “செவ்வாய், வானிலை விட்டால்.” அவ்வளவுதான் பேச்சு. முந்நூறு கிலோமீட்டரில் இருக்கும் ஊரும் எண்ணூறு கிலோமீட்டரில் இருக்கும் ஊரும், இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விமானம் என்றால், எங்களுக்கு ஒரே தூரம்தான்.

இதையெல்லாம் தினமும் செய்துகொண்டு, அவர் கேட்டபோது மட்டும் நான் ரொறன்ரோக்காரியாக மாறிவிட்டேன். நாளுக்குப் பல விமானங்கள் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு ‘எவ்வளவு நேரம்’ என்பது முதல் கேள்வி. ‘எப்போது’ என்று அவர்கள் கேட்க வேண்டியதில்லை, எப்போதும் உண்டு. விமானம் அரிதான ஊரில் இந்த வரிசை தலைகீழ். முதலில் உண்டா, அடுத்து எந்தக் கிழமை, பிறகு வானிலை. எவ்வளவு நேரம் என்பது கடைசியாக, கேட்டாலும் கேட்கலாம் விட்டாலும் விடலாம்.

அந்த 1 மணி 31 நிமிடம் எப்படி வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். பெரும்பாலான கணிப்பான்கள் ஒரே வழியைத்தான் பின்பற்றுகின்றன. உருண்டைப் பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வளைவை அளந்து, மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டுகின்றன. எண்ணூறு என்பது ஜெட் விமானத்தின் வேகம். ஆனால் 2018 இல் நூக் விமான நிலையத்தின் ஓடுபாதை ஆயிரம் மீட்டரைக்கூடத் தொடாது. 1979 இல் மலைச்சரிவில் குறுகலாகக் கட்டப்பட்டது. அங்கே இறங்கக்கூடியவை டாஷ்-8 போன்ற, சுழலிகள் வைத்த, நாற்பது பேருக்கும் குறைவாக ஏறும் விமானங்கள்தான். அவை மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட வரும், கிழக்கிலிருந்து காற்று அடித்தால் இன்னும் கூடும். அதாவது நான் வாசித்துச் சொன்ன ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வரக்கூடிய எந்தப் பயணிகள் விமானத்தாலும் நூக்கில் இறங்க முடியாது. இறங்கக்கூடியதால் அந்த நேரத்துக்குள் வர முடியாது. இப்படி ஒரு பயணிகள் விமானம் எனக்குத் தெரிந்து எங்கும் இருக்கவில்லை. அதைத்தான் ஒரு நோயாளியைப் பார்க்கத் துடிக்கும் மனுஷியிடம் நான் எடுத்து நீட்டினேன்.

இரண்டாவது விஷயம் எரிபொருள். தெற்கே ஒரு விமான நிலையம் மூடினால் பக்கத்தில் நான்கு இருக்கும். நூக்கில் மூடுபனியோ காற்றோ எழுந்தால் போகக்கூடிய பெரிய நிலையம் காங்கர்லுசுவாக், அது வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே போகும் தூரத்துக்கு மட்டும் எண்ணெய் எடுத்தால் போதாது. போய், இறங்க முடியாமல், இன்னோர் இடம் தேடிப் பறக்கவும் எடுக்க வேண்டும். எண்ணெய் கூடினால் ஆட்களும் சாமானும் குறைய வேண்டும். 822 கிலோமீட்டர் என்ற எண்ணுக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு முந்நூறு ஒளிந்திருக்கிறது.

எட்டாயிரம் கிலோமீட்டர்

அன்று வேலை முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பாதையைக் கட்டினோம். இக்கலூயிட்டிலிருந்து தெற்கே ஒட்டாவா, கிட்டத்தட்ட 2,100 கிலோமீட்டர். அங்கிருந்து ரொறன்ரோ. ரொறன்ரோவிலிருந்து இரவு விமானத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து ஐஸ்லாந்து, நாலாயிரத்துச் சொச்சம். ஐஸ்லாந்தில் காத்திருந்து, குளிர்காலத்தில் தினமும் இல்லாத ஒரு விமானத்தைப் பிடித்து, மேற்கே 1,400 கிலோமீட்டர் திரும்பி வந்து நூக். கூட்டினால் எட்டாயிரம். வெளியே, உறைந்த குடாவுக்கு அந்தப் பக்கம், கிழக்கே நேராக 822 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு. கோபன்ஹேகன் வழியாகப் போனால் இன்னும் கூடுதல். நடுவில் இரண்டு இரவு தங்க வேண்டும். செலவு அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. 2002 இல் எடுத்த கடவுச்சீட்டு எப்போதோ காலாவதியாகியிருந்தது.

எழுதிய தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். விரலை ஒவ்வொரு ஊரின் பெயரிலும் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். “இப்படிப் போகலாமா?” என்று கேட்டேன். இனுயிட் மக்கள் ஆம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். வாய் திறக்கத் தேவையில்லை. அவர் மூக்கைச் சுருக்கினார். தாளை நான்காக மடித்துப் ‘பார்க்கா’ என்ற தடித்த குளிர்ச்சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, “நன்றி, பனிக்” என்று எழுந்து போனார்.

அவர் ஏற்கெனவே போயிருப்பதாகச் சொன்னது 2002 மார்ச்சில். அந்த வருடம் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுகளை நூக்கும் இக்கலூயிட்டும் சேர்ந்து நடத்தின. ஒரே விளையாட்டு விழா, இரண்டு நாடு, நடுவில் ஒரு நீரிணை. பிள்ளைகளோடு துணைக்குப் போன பெரியவர்களில் இவரும் ஒருவர். விழாவுக்காக அமர்த்திய விமானத்தில் காலையில் ஏறித் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டாராம். தங்க இடம் கொடுத்த வீட்டில் இருந்தவர்தான் அந்தச் சிநேகிதி. முதல் நாள் சமையலறையில் இருவரும் பொருட்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிப் பார்த்தார்களாம். இவர் நாயைக் ‘கிம்மிக்’ என்றால் அவர் ‘கிம்மெக்’. இவர் வீட்டை ‘இக்லு’ என்றால் அவர் ‘இல்லு’. அம்மாவுக்கு இரண்டு பேருமே ‘அனானா’. “அந்தச் சொல் வந்ததும் இரண்டு பேரும் சிரித்துவிட்டு, அழுதுவிட்டோம்” என்றார். எழுதிக்கொள்ள மட்டும் முடியவில்லை. கனடாவின் கிழக்கு ஆர்க்டிக்கில் மிஷனரிகள் பரப்பிய அசை எழுத்து, கிறீன்லாந்தில் இலத்தீன் எழுத்து. காதால் கேட்டால் புரிவது கண்ணால் பார்த்தால் புரியாது. ஆகவே பதினாறு வருடமும் தொலைபேசிதான். நூக் கடிகாரம் அப்போது இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். இவர் இரவுச் சாப்பாட்டை முடிப்பதற்குள் அவர் படுக்கப் போய்விடுவார். அதற்குள் அழைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏன் இது எனக்கு இவ்வளவு உறுத்தியது என்பதற்காக. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பலாலியிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டருக்கும் குறைவு. அம்மம்மாவின் தங்கை சென்னையில் இருந்தார். அவரைப் பார்க்க அம்மம்மா இராத்திரி முழுவதும் பேருந்தில் தெற்கே கொழும்புக்குப் போய், அங்கே விமானம் ஏறி, வந்த வழியையே வானத்தில் திரும்ப வடக்கே பறந்தார். பலாலியிலிருந்து சென்னைக்கு மறுபடியும் விமானம் விட்டது 2019 நவம்பரில். அம்மம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அந்த மொழிபெயர்ப்பாளர் கேள்வியைக் கேட்டபோது என் நாக்கில் அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கணிப்பான்தான் வந்தது.

தெற்கே மட்டும் திறக்கும் கதவுகள்

இப்படி ஏன் ஆனது என்று கேட்டால் பலரும் சொல்வது ஆள் போதாது, இலாபம் வராது என்பதுதான். அதில் உண்மை இருக்கிறது. நூக்கில் இருபதாயிரத்தை நெருங்கும் மக்கள், இக்கலூயிட்டில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் அது முழுக் காரணம் என்று நான் ஏற்கமாட்டேன். ஆட்கள் எந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது என்பதை யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். பஃபின் பகுதியில் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் ஒட்டாவாவுக்கு அனுப்புகிறார்கள், அந்த அனுப்புச் சீட்டுகளோடு போகும் குழாய்களை நானே கட்டியிருக்கிறேன். நூக்கில் ஒருவருக்கு அதே நோய் என்றால் கோபன்ஹேகன், கிறீன்லாந்து டென்மார்க்கைச் சேர்ந்தது. மேற்படிப்பு, நீதிமன்றம், அரசாங்க வேலை, கடைச் சாமான் எல்லாமே அப்படித்தான். ஒரே கடலின் இரண்டு கரையிலும் இருக்கும் ஒரே மொழிக் குடும்பத்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தத்தம் தலைநகரத்தை நோக்கி உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் ஆள் சேர்வதும் தெற்கே போகும் விமானத்தில்தான். கிழக்கே ஆள் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், கிழக்கே போக அவர்களுக்கு என்ன வழி வைத்தோம் என்று கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் இந்த நிலையங்கள் பிறந்ததே கிழக்கு மேற்காகப் போவதற்குத்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரித்தானியாவுக்குப் போர் விமானங்களை ஆர்க்டிக் வழியாகக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அதற்காக 1941 இல் காங்கர்லுசுவாக்கிலும் 1942 இல் அப்போது ஃபுரோபிஷர் குடா என்று அழைக்கப்பட்ட இக்கலூயிட்டிலும் ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தபின் ஆயுதத்துக்குத் திறந்த வழி ஆட்களுக்கு நெடுநாள் திறக்கவில்லை. 1980களில் ஒரு சேவை தொடங்கி இருபது வருடம் போல ஓடி நின்றது. 2012 கோடையில் மீண்டும் ஒன்று தொடங்கிச் சில கோடைகளோடு முடிந்தது. நான் இருந்த காலம் அந்த இடைவெளியில் விழுந்தது.

வானம் வெறுமையாக இருந்ததா என்றால் இல்லை. தெளிந்த நாளில் ஆய்வுகூடத்துப் பின்வாசலில் நின்றால் தலைக்கு மேலே வெள்ளைக் கோடுகள் தெரியும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் பெரிய விமானங்கள் கிறீன்லாந்தையும் டேவிஸ் நீரிணையையும் பஃபின் தீவையும் தாண்டிப் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டே இருக்கும். அவர் சிநேகிதியின் கூரைக்குப் பக்கத்தில் கடந்த விமானம் ஒரு மணி நேரத்தில் எங்கள் கூரைக்குப் பக்கத்தில் கடக்கும். எதுவும் இறங்காது. 2017 பெப்ரவரியில் ஒன்று இறங்கியது: சூரிச்சிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் போன போயிங் 777, ஓர் இயந்திரம் நின்றுபோனதால். நான் போய்ச் சேர்ந்தபோதும் ஊரில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2006 இல் ஏ380ஐயே கொண்டுவந்து குளிரில் சோதித்துப் பார்த்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானம் இறங்க முடிந்த இடத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் சிநேகிதியைப் பார்க்கப் போக முடியவில்லை.

அவருடைய அறைச் சுவரில் ஒரு வரைபடம் உண்டு. நாம் பள்ளியில் பார்த்தது போல வடதுருவத்தை மேல் விளிம்பில் இழுத்து விரித்தது அல்ல, துருவத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் நிலங்களை வரைந்தது. பள்ளி வரைபடத்தில் 64 பாகை அட்சரேகையில் எல்லாத் தூரமும் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு தெரியும், அதனால்தான் கிறீன்லாந்து அவ்வளவு பெரிதாகவும் தொலைவாகவும் தோன்றுகிறது. அவருடைய வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்தார். விரல் போதுமாயிருந்தது. பிறகு விரலை மேலே, கனடாவும் கிறீன்லாந்தும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் இடத்துக்கு நகர்த்திக் கில்லாக்கின் கதையைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பஃபின் தீவிலிருந்து நாய்ச் சறுக்குவண்டிகளில் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய், உறைந்த நீரிணையைக் கடந்து, வடமேற்குக் கிறீன்லாந்தில் இருந்தவர்களோடு சேர்ந்தவர். வழியிலேயே வருடங்கள் கழிந்தன. அங்கிருந்தவர்கள் கயாக் படகையும் வில் அம்பையும் மறந்திருந்தார்கள், இவர்கள் போய் மீண்டும் கற்றுக்கொடுத்தார்கள். “அவருக்குக் கிழமை தேவைப்படவில்லை. பனி இறுகினால் போதும்” என்றார்.

புதன்

அவர் சிநேகிதி 2019 மார்ச்சில் இறந்துபோனார். சேதி தொலைபேசியில் வந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு வழக்கம்போலக் குடுவையோடு ஜன்னலுக்கு வந்தார், மூடியில் எனக்கும் ஊற்றித் தந்தார், சொன்னார். எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. “நீ எட்டாயிரம் கிலோமீட்டருக்கு வழி எழுதித் தந்தாயே, அதுதான் ஞாபகம்” என்றார். அந்தத் தாள் இன்னும் பார்க்காவின் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினார், மடிப்புகளில் கிழிந்திருந்தது.

அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்து நான் ரொறன்ரோ திரும்பினேன். 2022 ஜூனில் கனடாவும் டென்மார்க்கும் ஹான்ஸ் தீவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆள் இல்லாத, ஒன்றேகால் சதுரக் கிலோமீட்டர்கூடத் தேறுமோ தேறாதோ என்கிற ஒரு பாறைக்கு நடுவே இரண்டு நாட்டுக்கும் நில எல்லை வந்தது. பத்திரிகைகளில் படங்கள் வந்தன. நான் அவரைத்தான் நினைத்தேன். 2023 இல் கிறீன்லாந்து தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் ஐரோப்பாவின் பக்கம் நகர்த்தியது. வியாபாரத்துக்கு வசதி என்றார்கள். இக்கலூயிட்டுக்கும் நூக்குக்கும் நடுவே இரண்டு மணி நேரமாக இருந்தது மூன்றானது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அழைத்துவிட வேண்டியவர்கள் இனி இன்னும் ஒரு மணி நேரம் முந்த வேண்டும்.

2024 வசந்தத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. இரண்டு கரைகளின் விமான நிறுவனங்கள் சேர்ந்து இக்கலூயிட்டுக்கும் நூக்குக்கும் நேரடிச் சேவை தொடங்குகின்றன, ஜூன் 26 முதல் ஒக்டோபர் 23 வரை, வாரத்துக்கு ஒரு முறை. நான் முதலில் செய்தது நாட்காட்டியைத் திறந்ததுதான். ஜூன் 26 புதன்கிழமை. ஒக்டோபர் 23 புதன்கிழமை. உடனே அவருக்கு அழைத்தேன். ஓய்வு பெற்றிருந்தார், பின்னணியில் பேரப்பிள்ளைகளின் சத்தம். “நூக்குக்கு விமானம் வருகிறது” என்று தொடங்கினேன்.

“புதன்” என்றார், நான் சொல்வதற்குள்.

ஓகஸ்ட்டில் ஒரு புதன் போய் அடுத்த புதன் வந்தார். புதிய கடவுச்சீட்டு, பேத்தி துணைக்கு. சிநேகிதியின் மகள் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனாராம். கல்லறைக்குப் போனார்கள், வெள்ளைச் சிலுவையில் இலத்தீன் எழுத்தில் இருந்த பெயரைப் பேத்தி வாசித்துக் காட்டினாளாம். வீட்டில் கோப்பியும் கேக்கும் வைத்து அயலவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். 2002 இல் பொருட்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்ன அதே சமையலறை, மேசை மட்டும் புதிது. பேத்தியும் அந்த வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில்தான் கதைத்துக்கொண்டார்களாம். அது அவருக்கு மனவருத்தம். ஆனாலும் நாயைக் கண்டதும் இரண்டு பக்கமும் தங்கள் சொல்லைச் சொல்லிப் பார்த்தன என்று சொல்லும்போது குரலில் சிரிப்பு இருந்தது.

எவ்வளவு நேரம் பறந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். திரும்பி வரும்போது நூக்கில் ஏறுமுன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாராம். இக்கலூயிட்டில் இறங்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் புறப்பட்ட நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததாம்.

“பனிக், நான் புறப்படுவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டேன்” என்றார்.